சாமிக்கு வரி இல்லை. ஓட்டு மாத்திரம் உண்டா?

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில் மேலகரத்து டீக்கடை ஒன்றில் நாம் ஒதுங்கி நின்றபோது, சிறு பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு நண்பர் நம்மைக் கண்டு பக்கத்தில் வந்து கேட்டார்:

“அண்ணாச்சி, இப்பத்தான் கடைக்குத் தீர்வை கட்டிட்டு வாரேன். வாங்குற சரக்குக்கெல்லாம் ஜி.எஸ்.டி. கட்டுதேன். கோயிலுக்கும் சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் தீர்வை கிடையாதாமே? அது போகட்டும், சாமி காரியம். ஆனா எலெக்சன் வந்தா அங்கேருந்துதானே யாருக்கு ஓட்டுப் போடணும்னு சேதி வருது? இது எந்த ஊரு நியாயம்?”

இந்த நண்பர் நமது இயக்கத்தைச் சேர்ந்தவரல்ல. நெற்றியிலே திருநீறு பூசியிருந்தவர்தான். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி, நமது சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் கேட்கப்பட வேண்டியதும், கேட்க அங்கே ஆளில்லாததுமான கேள்வியாகும். ஆகையால் அந்தக் கேள்விக்கு நமக்குத் தெரிந்த வரையில் இங்கு பதில் சொல்லலாமென்று நினைக்கின்றோம்.

முதலாவது, இந்த வரி விலக்கு என்பது இன்று நேற்று முளைத்ததல்ல. நமது நாட்டு அரசர்கள் கோவிலுக்கு விட்ட நிலத்திற்குத் தேவதானம் என்றும், பார்ப்பனருக்கு விட்டதற்குப் பிரமதேயம் என்றும், சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விட்டதற்குப் பள்ளிச்சந்தம் என்றும் பெயர் வைத்து, இவைகளில் பெரும்பாலானவற்றை இறையிலியாக்கிக் கல்லிலும் செம்பிலும் வெட்டி வைத்தார்கள். இறையிலி என்றால் இறை, அதாவது வரி, இல்லாதது என்று அர்த்தம். இதற்கு மேலகரத்தாருக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. இதே ஊர்க்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியதற்காக, மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்குக் குறவஞ்சி மேடு என்ற நிலத்தை மானியம் விட்ட கதை இந்தப் பக்கத்துச் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு புலவன் பிழைத்தான் என்பதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் மானியம் என்பது ஆகாயத்திலிருந்து விழுவதல்லவே! ஒரு நிலத்தின் வரி நின்றால், அரசனுடைய சேனைக்கும் அரண்மனைக்கும் வேண்டிய பணம் பக்கத்து நிலத்து உழவனிடமிருந்து வந்தாக வேண்டும். கல்வெட்டிலே வாங்கினவன் பேரும் கொடுத்தவன் பேரும் இருக்கின்றன. அந்தப் பாரத்தைச் சுமந்த உழவன் பேர் மாத்திரம் எந்தக் கல்லிலும் இல்லை.

பின்பு வெள்ளைக்கார சர்க்கார் 1858இல் இனாம் கமிஷன் வைத்து இந்த மானியங்களைக் கணக்கெடுத்தார்கள். சுயராஜ்யம் வந்த பின் 1963இல் சென்னைச் சட்டசபை சிறு இனாம்களை ஒழிக்கச் சட்டம் செய்தது. அதனால் இறையிலி என்ற பெயர் போயிற்று. காரியம் போயிற்றா என்றால், போகவில்லை. பொதுஜனங்கள் கும்பிடும் இடங்களுக்குச் சொத்து வரி இல்லை என்பது 1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. மத தர்ம ஸ்தாபனங்களின் வருமானத்திற்கு 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் விலக்கு கொடுத்தது. 2025இல் செய்யப்பட்ட புதிய சட்டமும் அந்த விலக்கை எடுத்துவிடவில்லை.

இதில் ஒரு வேடிக்கையை வாசகர்கள் கவனிக்க வேண்டுமாய்க் கோருகின்றோம். ஒரு அனாதைப் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ, கொடுத்தவர் பேர் ஊர் தெரியாத பணத்தை ஒரு அளவுக்கு மேல் வாங்கினால் அதற்கு நூற்றுக்கு 30 வீதம் வரி போடலாமென்று 2006இல் சட்டம் வந்தது. கள்ளப் பணம் தர்மத்தின் பேரால் வெள்ளையாகிவிடக் கூடாது என்பது இதன் காரணம். நல்ல காரணந்தான். ஆனால் முழுக்க மதத்திற்கென்றே உள்ள ஸ்தாபனத்திற்கு மாத்திரம் இந்தச் சட்டம் கிடையாது என்று அதிலேயே எழுதிவிட்டார்கள்! அதாவது, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன் பணம் யார் கொடுத்தது என்று சொல்லியாக வேண்டும். உண்டியல் வைத்திருக்கிறவன் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

“விலக்கு என்றால் சர்க்கார் பணமா கொடுக்கின்றது? வாங்காமல் விடுகின்றது, அவ்வளவுதானே?” என்று சில பண்டிதர்கள் கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு தெருவில் பத்து வீடுகள் இருக்கின்றன. தெருவுக்கு விளக்குப் போட 1,000 ரூபாய் வேண்டும். வீட்டுக்கு 100 ரூபாய். பத்தாவது வீட்டுக்காரர், “நம் வீட்டில் சாமி இருக்கின்றது” என்று சொல்லி விலக்கு வாங்கிக்கொண்டால், மற்ற ஒன்பது வீட்டுக்காரரும் 111 ரூபாய்க்கு மேல் கொடுத்தாக வேண்டும். விளக்கு பத்தாவது வீட்டு வாசலிலும் எரிகின்றது. சர்க்கார் கொடுக்கவில்லை என்பது வாஸ்தவந்தான். ஒன்பது வீட்டுக்காரர்கள் கொடுக்கின்றார்கள். அந்த ஒன்பது வீட்டிலே பத்தாவது வீட்டுச் சாமியைக் கும்பிடாதவனும் இருப்பான். அந்தச் சாமியின் தெருவில் பாட்டன் காலத்தில் நடக்கக்கூட விடப்படாதவனுடைய பேரனும் இருப்பான்.

நமது அரசியல் சட்டத்தின் 27வது விதி, ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்று செலவிடப்படும் வரியைக் கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லுகின்றது. முன் வாசலில் போகக் கூடாது என்று சட்டம் சொன்ன பணம், விலக்கு என்ற பேரால் கொல்லைப்புற வழியாகப் போகின்றது என்பதே நமது அபிப்பிராயம். எல்லா மதத்திற்கும் சமமாகத்தானே கொடுக்கப்படுகின்றது என்று சமாதானம் சொல்லுவதானால், எந்த மதமும் வேண்டாதவன் எல்லா மதத்திற்கும் சேர்த்துக் கொடுக்கின்றான் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இது நிற்க. பணம் விட்டுக்கொடுத்தது ஒரு சங்கதி. அந்தப் பணத்தைக் கொண்டு அரசியல் செய்வது அதைவிடப் பெரிய சங்கதி. இதில் அமெரிக்காக்காரர்கள் என்ன செய்தார்களென்று பார்ப்போம்.

அமெரிக்காவில் சர்ச்சுகளுக்கு வருமான வரி கிடையாது. மற்ற தர்ம ஸ்தாபனங்கள் வருஷா வருஷம் கணக்கு அனுப்ப வேண்டியிருக்க, சர்ச்சுகள் அதுவும் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் 1954இல் டெக்சாஸ் செனட்டராயிருந்தவரும் பின்னால் ஜனாதிபதியானவருமான லிண்டன் ஜான்சன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வரி விலக்கு வாங்கும் தர்ம ஸ்தாபனம் எதுவும் தேர்தலில் ஒரு அபேட்சகரை ஆதரித்தோ எதிர்த்தோ வேலை செய்யக் கூடாது. செய்தால் விலக்கு போகும் என்பதே அது. பாதிரியார் வாயை அடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். “பேசு, ஆனால் எங்கள் செலவில் பேசாதே” என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம்.

1992இல் நியூயார்க் மாகாணத்திலுள்ள பியர்ஸ் கிரீக் என்ற சர்ச்சு, ஜனாதிபதித் தேர்தலுக்கு நான்கு நாளைக்கு முன், கிளிண்டனுக்கு ஓட்டுப் போடுவது பாவம் என்ற கருத்துப்பட பெரிய பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் செய்து, இந்த விளம்பரச் செலவுக்கு வரிச் சலுகையோடு நன்கொடை அனுப்பலாம் என்று அதன் அடியிலேயே அச்சுப் போட்டது! 1995இல் அதன் விலக்கு பறிக்கப்பட்டது. சர்ச்சு கோர்ட்டுக்குப் போயிற்று. 2000த்தில் மேல் கோர்ட்டும் வரி இலாகா செய்தது சரியே என்று சொல்லிவிட்டது.

ஆனால் அந்த நாட்டிலும் இந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கும் வேலை நடக்காமலில்லை. ஜனாதிபதி டிரம்ப் 2017 மே மாதத்தில் சட்டத்தைத் தளர்த்தி நடத்தும்படி உத்தரவு போட்டார். 2025 ஜூலையில் அவருடைய வரி இலாகாவே டெக்சாஸ் கோர்ட்டில் வந்து, பிரார்த்தனைக்குக் கூடிய சபையாரிடம் பாதிரியார் அபேட்சகரைப் பற்றிப் பேசுவது குடும்பத்துக்குள் பேசிக்கொள்வது போன்றதென்றும், அது தேர்தலில் தலையிடுவதாகாதென்றும் ஒப்புக்கொண்டது. வேலிக்குக் காவல் வைத்தவனே வேலியைப் பிரித்துக் கொடுத்த கதைதான். பதினாயிரம் பேர் கூடும் சபைகளும் அந்நாட்டில் உண்டு. அதற்குப் பேர் குடும்பமா?

நமது நாட்டுக்கு வருவோம். நம்மிடத்தில் சட்டமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையில் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கடுமையான சட்டம் இருக்கின்றது. 1988இல் பார்லிமெண்டு செய்த மத ஸ்தாபனங்களின் துஷ்பிரயோகத் தடுப்புச் சட்டப்படி, கோவில், மடம், சர்ச்சு, பள்ளிவாசல், குருத்வாரா எதுவானாலும், அதன் இடத்தை அரசியல் காரியத்திற்குக் கொடுக்கக் கூடாது. அதன் பணத்தை ஒரு கட்சிக்கோ அரசியல் வேலைக்கோ செலவு செய்யக் கூடாது. அதன் திருவிழாவையும் ஊர்வலத்தையும்கூட அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் ஐந்து வருஷம் வரையில் ஜெயில், 10,000 ரூபாய் வரையில் அபராதம். இதற்கு மேல் 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பது குற்றமான தேர்தல் முறையென்று சொல்லுகின்றது. 2017 ஜனவரி 2ந் தேதி ஏழு ஜட்ஜுகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு, அபேட்சகரின் மதம் மாத்திரமல்ல, ஓட்டரின் மதத்தையும் ஜாதியையும் காட்டிக் கேட்பதும் குற்றந்தான் என்று, நாலுக்கு மூன்று என்ற கணக்கில், தீர்ப்புச் சொல்லிற்று.

சட்டம் இவ்வளவு இருந்தும் நடப்பு என்ன? 2020 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் அயோத்தி ராமர் கோவிலுக்கென்று ஒரு டிரஸ்டை ஏற்படுத்தியது. அதே வருஷம் மே மாதத்தில், அந்தக் கோவிலுக்குப் பணம் கொடுப்பவர்கள் கொடுத்ததில் பாதியைத் தங்கள் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாமென்று உத்தரவும் வந்தது. 2024 ஜனவரி 22ந் தேதி பிரதம மந்திரியே முன்னின்று பிரதிஷ்டை செய்தார். ஏப்ரல் 19ந் தேதி பொதுத் தேர்தல் ஆரம்பமாயிற்று. கோவில் கட்டினோம் என்பதே மேடைக்கு மேடை ஓட்டுக் கேட்கும் காரணமாயிருந்ததை நாடெல்லாம் கேட்டது. சட்டப் புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டு இது குற்றமா, இல்லையா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். வரிச் சலுகையில் எழும்பிய கோபுரம் ஓட்டுப் பெட்டியின்மேல் நிழல் விழுத்திற்றா, இல்லையா என்று மாத்திரம் நாம் கேட்கின்றோம்.

நம் பக்கத்து மடங்களும் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. திருவாவடுதுறை மடத்திற்கு மேலகரம் அன்னியமல்ல. உ.வே. சாமிநாதையரை ஆதரித்துத் தமிழ் படிக்க வைத்த மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் அந்த மடத்தின் தலைவராயிருந்தவர்தான். மடத்துப் பணத்தில் தமிழ் வளர்ந்தால் அதை மறைக்க நமக்கு அவசியமில்லை. நல்லதை நல்லது என்றே சொல்லுவோம். ஆனால் அதே மடம் 1947இல் நேருவிடம் கொடுத்த செங்கோலை, 2023 மே 28ந் தேதி, தமிழ்நாட்டு ஆதீனகர்த்தர்கள் சூழ நிற்க, குடியரசுப் பார்லிமெண்டுக்குள் கொண்டுபோய் நட்டு வைத்தார்களே, அது தமிழ் வளர்க்கவா? செங்கோல் ராஜாவுக்கு உரியது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஆளும் சபையில் மடாதிபதி ஆசீர்வாதம் செய்து கொடுத்த கோலுக்கு என்ன வேலை?

இந்துக் கோவிலையும் மடத்தையும் மாத்திரம் நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் “ஜெபித்து முடிவு செய்யுங்கள்” என்று ஆரம்பித்து, முடிவையும் தாங்களே சொல்லி அனுப்பும் போதகர்களையும், ஜமாத்துக் கூடி ஊருக்கு ஒரே ஓட்டு என்று பேசி முடிப்பவர்களையும் தென்காசிச் சீமையார் அறியாதவர்களல்ல. ஓட்டு என்பது தனி மனிதனுடைய அறிவுக்குக் கொடுக்கப்பட்டதேயொழிய, அவன் தலையை எண்ணி இன்னொருவன் பேரம் பேசுவதற்குக் கொடுக்கப்பட்டதல்ல.

இனி இதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கின்றது. பொதுப் பணத்தின் சலுகையைப் பெறுகிற ஸ்தாபனம் மனிதனுக்கு மனிதன் பேதம் காட்டலாமா என்பதே அது. அமெரிக்காவில் பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவ சர்வகலாசாலை, வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதும் கலியாணம் செய்துகொள்வதும் வேதத்திற்கு விரோதமென்று தடை போட்டிருந்தது. அதன் வரி விலக்கை சர்க்கார் எடுத்துவிட்டது. மதச் சுதந்திரம் போயிற்று என்று அது கூச்சல் போட்டும், 1983இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு, நிற பேதம் பாராட்டுவோருக்குப் பொதுச் சலுகை கிடையாது என்று சொல்லிவிட்டது.

அதைப் படிக்கும்போது நமக்குச் சேரன்மாதேவி ஞாபகம் வராமல் என்ன செய்யும்? தென்காசிக்கு எட்டின தூரத்தில்தான் அது இருக்கின்றது. 1924, 1925இல் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி. அதற்குத் தமிழ்நாடு காங்கிரசு 5,000 ரூபாய் பொதுப் பணம் கொடுத்திருந்தது. “எங்கள் பணத்தில் எங்கள் பிள்ளைக்கே அவமானமா?” என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்ட கேள்விதான் தமிழ்நாட்டைக் கிளப்பிற்று. நமது இயக்கம் பிறந்ததற்கு அந்தப் பந்தியும் ஒரு காரணம்.

இன்றைக்கும் அதே கேள்விதான். கர்ப்பக்கிரகத்துக்குள் இன்ன ஜாதியான்தான் போகலாம் என்றிருந்ததை மாற்ற 1970லேயே சட்டம் வந்தும், அரசாங்கப் பள்ளியில் பூசை படித்த பல ஜாதி வாலிபர்கள் 24 பேருக்கு உத்தியோகம் கிடைக்க 2021 ஆகஸ்டு 14ந் தேதி வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் வழக்குகள் நின்றபாடில்லை. அரசியல் சட்டத்தின் 17வது விதி தீண்டாமையை ஒழித்தாய்ச் சொல்லுகின்றது. வாசலில் ஜாதி கேட்கிறவனுக்கு வரி கேட்காமல் விடுவானேன்?

நமக்கு வரக்கூடிய ஆக்ஷேபணைகளுக்கும் பதில் சொல்லிவிடுகின்றோம்.

கோவிலும் சர்ச்சும் சோறு போடுகின்றன, பள்ளி நடத்துகின்றன என்பார்கள். மெத்த சந்தோஷம். சோற்றுக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனிக் கணக்கு எழுதி, மற்ற தர்ம ஸ்தாபனங்கள் எந்த நிபந்தனையில் விலக்கு வாங்குகின்றனவோ அதே நிபந்தனையில் வாங்கிக்கொள்ளட்டும். தங்கத் தேருக்கும் மணிக் கூண்டுக்கும் சோற்றின் பேரைச் சொல்ல வேண்டாம்.

குருக்களும் பாதிரியாரும் மௌல்வியும் பிரஜைகளல்லவா, அவர்களுக்கு அரசியல் பேச உரிமையில்லையா என்பார்கள். பேஷாய் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் பாதிரியார்தான். கறுப்பு மக்களுக்கு நியாயம் வேண்டுமென்று அவர் சர்ச்சிலே நின்று பேசினதை யாரும் குற்றமென்று சொல்லவில்லை. அமெரிக்க வரிச் சட்டமும் சொல்லவில்லை. அநியாயம் இன்னதென்று சொல்லுவது வேறு. இன்ன சின்னத்தில் குத்து என்று சொல்லுவது வேறு. பின்னதைச் சொல்ல ஆசையிருந்தால், பீடத்தை விட்டு இறங்கி, சந்தை மைதானத்தில், சொந்தப் பேரில், சொந்தச் செலவில் வந்து சொல்லட்டும். எதிர்த்துக் கேள்வி கேட்க நாமும் வந்து நிற்போம். பீடத்திலிருந்து பேசும்போது கேட்க முடியாதே!

“உங்கள் பகுத்தறிவு ஸ்தாபனங்களுக்கு?” என்று கேட்பார்கள். சந்தேகமேயில்லாமல் அதே சட்டம் வேண்டுமென்கின்றோம். சாமி உண்டென்று சொல்லி வாங்கினாலும், இல்லையென்று சொல்லி வாங்கினாலும், பொதுப் பணம் பொதுப் பணந்தான். அந்தப் பணத்தில் ஒரு அபேட்சகருக்கு ஓட்டுக் கேட்டால் நமக்கும் விலக்குப் போகட்டும். தனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்பதுதான் புரோகிதர் நியாயம். அது நமக்கு வேண்டாம்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். மத ஸ்தாபனம் தேர்தலில் அபேட்சகருக்காகவோ கட்சிக்காகவோ வேலை செய்தால், அதன் விலக்கு போகும் என்று வரிச் சட்டத்திலேயே நேராக எழுத வேண்டும். பேர் தெரியாத பணத்திற்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விதி, உண்டியலுக்கு ஒரு விதி என்பது போக வேண்டும். எல்லா மதத்து ஸ்தாபனங்களும் வரவு செலவை ஊராருக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும். ஜாதி பேதம் காட்டும் இடத்திற்குச் சலுகை நிற்க வேண்டும். 1988ஆம் வருஷத்துச் சட்டம் அலமாரியில் தூங்காமல் எழுந்து நடமாட வேண்டும்.

இவை ஒரு நாளில் வராது. 1925இல் பனகால் ராஜா மந்திரிசபை கோவில் கணக்கைப் பார்க்கச் சட்டம் கொண்டுவந்தபோது, மதம் போயிற்று என்று மடங்கள் அலறின. 1951ஆம் வருஷத்துச் சட்டப்படி மேற்பார்வைச் செலவுக்குக் கேட்ட பணத்தையும் கொடுக்க மாட்டோமென்று ஒரு மடம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய், 1954இல் அது கட்டணமல்ல, வரி என்று தீர்ப்பு வாங்கிற்று. மதம் போகவில்லை, கணக்குப் புஸ்தகம்தான் வெளியே வந்தது. ஆனதால் கூச்சலுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

சட்டம் வரும் வரையில் நமது வாலிபர்களும் தாய்மார்களும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த தேர்தலில் இன்னாருக்கு ஓட்டுப் போடு என்று எந்த பீடத்திலிருந்தாவது சேதி வந்தால், “ஐயா, நீங்கள் வரி கட்டுகிறீர்களா?” என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். மேலகரத்துப் பலசரக்குக் கடைக்காரர் திருநீறோடு கேட்டார். மற்றவர்கள் கேட்பதற்கு என்ன தடை?